கிரேன் வந்தது, தலைக்கவசம் வரவில்லை

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது தாம்பரம், வண்டலூர் வட்டாரத்தில் சாய்ந்த மரங்களுக்குக் கணக்கில்லை. அவற்றை வெட்டி வழிவிட்டவர்களில் பெரும்பாலோர் தலித் துப்புரவுப் பணியாளர்களும் ஒப்பந்தக் கூலிகளும்.

வீட்டின் மேல் சாய்ந்த மரத்தை அடியில் வெட்டக் கூடாது. நுனியிலிருந்து துண்டு துண்டாக இறக்க வேண்டும். கிளையைப் பட்டையால் கட்டி, பாரத்தைக் கிரேன் ஏந்திக்கொண்ட பிறகே ரம்பம் வைக்க வேண்டும். மழையில் ஊறிய பச்சை மரத்தின் கனத்தைக் கண்ணால் மதிப்பிட்டு ஏமாந்தவர்கள் உண்டு. வெட்டுண்ட கிளை சுழலாமலிருக்கத் தரையில் ஒருவர் கயிறு பிடிப்பார். தொங்கும் பாரத்தின் கீழே யாரும் நிற்கக் கூடாது.

இதெல்லாம் ஆட்களுக்குத் தெரியும். கிரேனுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுப்பவர்கள், மேலே ஏறுபவருக்கு இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் வாங்கித் தருவதில்லை என்பதுதான் பிரச்சினை.

அடிபட்டால், ‘அவர் ஒப்பந்தக்காரரின் ஆள்’ என்று கைகழுவுவார்கள். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமே மரம் வெட்டுவதைத் தன் பட்டியலில் சேர்த்திருந்தது. ஒப்பந்தக்காரர் மூலம் வேலை வாங்கிய முதன்மை முதலாளியிடமே இழப்பீடு கேட்கலாம் என்றும் சொன்னது. அதற்கு மருத்துவமனைச் சீட்டும், அன்று யார் வேலைக்கு அழைத்தார் என்பதற்கான சாட்சியும் கையில் இருக்க வேண்டும்.