முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள்

(வானொலி மறையுரை – வாசகம்: லூக்கா 24:13-35)



"சாமி, அவரிடம் நான் எப்படி இயேசுவைப் பற்றிச் சொல்வது? வாயைத் திறந்தாலே சண்டை வருகிறது." பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது நான் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. 'அவர்' என்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், உடன் வேலை செய்பவராக இருக்கலாம். சிலருக்குக் கட்டிய கணவராகவே இருக்கலாம். விசுவாசத்தைக் கேட்க விரும்பாதவரிடம் அதை எப்படிப் பகிர்வது? இன்று இதைப் பற்றிச் சிந்திப்போம்.

நான் குருவான புதிதில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளை அங்கி அணிந்து, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு பெரியவர். "எங்க ஊர்ல இல்லாத சாமியா? எதுக்கு வெளியூர் சாமி?" என்று ஆரம்பித்தார். குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் இறையியல் படித்துவிட்டு வந்தவன் நான். விடுவேனா? ஆலப்பாக்கத்தில் தொடங்கியது, புதுச்சத்திரம் தாண்டியும் நிற்கவில்லை. அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் அவர் பேச்சை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

சிதம்பரத்தில் இறங்கும்போது சொன்னார்: "தம்பி, நிறையப் படிச்சிருக்கீங்க. ஆனா நான் எங்க போறேன்னு ஒரு வார்த்தை கேக்கலியே. எம் பொண்ணு அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரியில கிடக்குறா."

அந்தப் பெரியவரை நான் மறுபடி பார்க்கவில்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவருடைய கவலை எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அன்பர்களே, எம்மாவு வழியில் உயிர்த்த ஆண்டவர் என்ன செய்தார் என்று பாருங்கள். சீடர் இருவர் மனம் உடைந்து போகிறார்கள். மறைநூல் முழுவதையும் விளக்கத் தெரிந்தவர் அவர்களோடு நடக்கிறார். ஆனால் விளக்கம் பிறகுதான் வருகிறது. என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறார். அவர்கள் முகவாட்டத்தோடு நின்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கும்வரை காத்திருக்கிறார்.

நம் தமிழ் மண்ணிலும் இப்படி ஒரு நிகழ்ச்சி உண்டு. நீலகண்டன் திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி, கோயில் பக்தியில் ஊறிய குடும்பத்தவர். அடுக்கடுக்காக வந்த இழப்புகளால் அவர் மனம் சோர்ந்து இருந்தார். 1741-ல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் அரசரின் படைத்தலைவரான டிலனாய் என்ற கத்தோலிக்கர் அந்த வாட்டத்தைக் கவனித்தார், காரணம் கேட்டார். எல்லாவற்றையும் கேட்ட பிறகே யோபுவின் கதையைச் சொன்னார். துன்பப்பட்டவனுக்குத் துன்பப்பட்ட இன்னொருவனின் கதை. 1745-ல் வடக்கன்குளத்தில் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-ல் இரத்தம் சிந்தினார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இவ்வளவுக்கும் தொடக்கம், "ஏன் வாடியிருக்கிறீர்கள்?" என்று ஒரு நண்பர் அக்கறையோடு கேட்டதுதான்.

எதிர்ப்பவர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்? காது கொடுத்துக் கேட்டால்தான் தெரியும். சிலருக்குப் பயம்: பிள்ளை கிறிஸ்தவனாகிவிட்டால் நாளைக்கு எனக்குக் கொள்ளி வைப்பானா, உறவு அறுந்துவிடுமா என்ற பயம். சிலருக்கு நம்மால் ஏற்பட்ட காயம்: எல்லாரும் சகோதரர் என்று பீடத்தில் சொல்லிவிட்டுக் கல்லறையில்கூடச் சாதி பார்க்கிறீர்களே என்று கேட்கிறார்கள். இதற்கு வாதம் பதிலாகாது, மனமாற்றமே பதில். அதுவும் முதலில் நம்முடைய மனமாற்றம். இன்னும் சிலர் தங்கள் நெறியை உண்மையாகவே நேசிப்பவர்கள். அவர்களை மதிக்க வேண்டும். பிற சமயங்களில் உள்ள உண்மையான, தூய எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் கடற்கரை அழிந்தபோது, பரங்கிப்பேட்டை இஸ்லாமிய ஜமாஅத்தார் மீனவ மக்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டதை இந்த மாவட்டம் மறக்காது. நாம் போய்ச் சேருமுன்பே கடவுள் அந்த உள்ளங்களில் இருக்கிறார்.

ஆசை காட்டியோ அச்சுறுத்தியோ ஒருவரை விசுவாசத்துக்குக் கொண்டுவருவதைத் திருச்சபை கண்டிப்பாகத் தடை செய்கிறது. இதுவும் அதே சங்கத்தின் போதனை. நம் நாட்டின் அரசியல் சாசனம் 25-ஆம் பிரிவில், சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்புவது என்பது எடுத்துச் சொல்வது. இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. நமக்கோ, உள்ளத்தை மாற்றுவது தூய ஆவியாரின் வேலை என்பது எப்போதும் தெரிந்த உண்மைதான்.

'அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?' என்று கேட்பீர்கள். இல்லை. நம் எதிர்நோக்குக்குக் காரணம் கேட்பவருக்கு விடை சொல்ல எப்போதும் ஆயத்தமாய் இருங்கள், ஆனால் பணிவோடும் மரியாதையோடும் சொல்லுங்கள் என்கிறார் தூய பேதுரு. யாராவது கேட்க வேண்டுமானால், நம் வாழ்க்கையில் கேட்கும்படியாக ஏதாவது இருக்க வேண்டும். விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்துக்குத் திருயாத்திரை போகிறோமே, அந்த ஆலயத்தைக் கட்டிய வீரமாமுனிவர் பெரும் புலவர். தேம்பாவணியில் 3,600-க்கும் மேற்பட்ட பாடல்கள் பாடியவர். வாதிடத் தெரியாதவர் அல்ல. அப்படிப்பட்டவர், ஊர் ஊராகப் போய் மறையைக் கற்பித்த வேதியர்களுக்கு ஒரு நூல் எழுதினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'வேதியர் ஒழுக்கம்'. மறையைச் சொல்பவனின் நடத்தைதான் முக்கியம் என்பதைப் பெயரிலேயே வைத்துவிட்டார்.

இவ்வளவு செய்தும் ஒருவர் ஏற்காமல் போகலாம். செல்வரான அந்த இளைஞர் முகவாட்டத்தோடு திரும்பிப் போனபோது, இயேசு துரத்திக்கொண்டு ஓடவில்லை. அன்பொழுக நோக்கினார், போக விட்டார். ஏதென்சில் பவுல் பேசியபோது சிலர் சிரித்தார்கள், சிலர் பிறகு கேட்போம் என்றார்கள், சிலரே நம்பினார்கள். விதைக்கிற பொறுப்பு நமக்கு, விளைவிப்பவர் கடவுள்.

இந்த வாரம் ஒன்று செய்வோம். நம் விசுவாசத்தை ஏற்காத ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் போய், அவர் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள். இரவு செபத்தில் அவர் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். நானும் அந்தப் பேருந்துப் பெரியவருக்காகவும் அவர் மகளுக்காகவும் இன்றுவரை செபித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எம்மாவு வழியில் உடன் நடந்த ஆண்டவரே, பேசுமுன் கேட்கும் இதயத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.