ஊர் போட்ட ஐந்து நிபந்தனைகள்

வேளாண்மைக் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் ஊரில் வந்து தங்கி வேலை பழகுவது பல கிராமங்களுக்குப் பழகிப்போன காட்சி. கோயில் திடலில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடுவார்கள். குளம், கிணறு, தெரு, ரேஷன் கடை எல்லாம் அதில் இருக்கும். பெரியவர்களைச் சுற்றி உட்கார வைத்து, எந்த மாதம் என்ன பயிர், எப்போது தண்ணீர்ப் பஞ்சம் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். விதைநேர்த்தி செய்து காட்டுவார்கள். போட்டோ எடுப்பார்கள். பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அடுத்த மழையில் கோலப்பொடி கரைந்துவிடும். வரைபடத்தில் காட்டிய வாய்க்கால் அடைப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

பிள்ளைகள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. பாடத்திட்டம் சொன்னதைச் செய்கிறார்கள். 'வந்தார்கள், எழுதினார்கள், போனார்கள். ஊருக்கு என்ன மிச்சம்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர்களும் அல்ல.

இதே கேள்வியை 1990-ல் அமெரிக்காவின் ஏழை நகரம் ஒன்றின் மக்கள் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தைப் பார்த்து நேருக்கு நேர் கேட்டார்கள். கேட்டதோடு விடாமல் ஐந்து நிபந்தனைகளும் போட்டார்கள். அந்த நகரத்தின் பெயர் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ்.

குப்பை அள்ளக்கூடக் காசில்லை

மிசிசிபி ஆற்றின் மேற்குக் கரையில் செயின்ட் லூயிஸ் மாநகரம். கிழக்குக் கரையில், இல்லினாய் மாநிலத்தில் இருக்கிறது ஈஸ்ட் செயின்ட் லூயிஸ். பல ரயில் பாதைகள் வந்து கூடும் இடம். ஒருகாலத்தில் பக்கத்திலேயே பெரிய கால்நடைச் சந்தையும் இறைச்சி ஆலைகளும் இருந்தன. 1950-ல் அங்கே சுமார் 82,000 பேர் வாழ்ந்தார்கள். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வசதி இருந்தவர்கள், குறிப்பாக வெள்ளையர் குடும்பங்கள், இடம் பெயர்ந்தார்கள். போக வழியில்லாத கறுப்பின ஏழைக் குடும்பங்களே பெரும்பாலும் மிஞ்சின. 1990-ல் மக்கள்தொகை பாதியாகிவிட்டது.

ஆள் போனால் வரி வருமானமும் போகும். 1987-லிருந்து சில ஆண்டுகள் நகராட்சியால் ஒழுங்காகக் குப்பை அள்ளவே முடியவில்லை. காலி மனைகள் எல்லாம் குப்பைமேடு. வெளியூர் லாரிகளும் இரவோடு இரவாக வந்து கொட்டிவிட்டுப் போயின. நகரச் சிறையில் தாக்கப்பட்ட ஒருவருக்கு நஷ்டஈடு கொடுக்க நகராட்சியிடம் பணமில்லாமல் போக, நகராட்சிக் கட்டடத்தையே அவருக்குக் கொடுக்கும்படி 1990-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலைமை எந்த அளவு என்பதற்கு இது ஒன்றே போதும்.

விவசாயிகளுக்காகப் பிறந்த பல்கலைக்கழகம்

அங்கிருந்து சுமார் 290 கிலோமீட்டர் தொலைவில், மக்காச்சோளமும் சோயாவும் விளையும் சமவெளியின் நடுவே இருக்கிறது இல்லினாய் பல்கலைக்கழகம். அரசு நிலத்தைக் கொடுத்து, அதை விற்ற பணத்தில் உழவர், தொழிலாளர் பிள்ளைகளுக்கு உயர்கல்வி தரவேண்டும் என்று 1862-ல் அமெரிக்கா போட்ட சட்டத்தின் பயனாக, 1867-ல் தொடங்கியது. ஆராய்ச்சி, பாடம், வயலுக்கு வந்து சொல்லித் தருவது என்ற மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைப்பது இத்தகைய பல்கலைக்கழகங்களின் வழக்கம். அந்த மாதிரியைப் பின்பற்றித்தான் 1960-ல் இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் பந்த்நகரில் உருவானது. அதற்குத் துணை நின்றதும் இதே இல்லினாய் பல்கலைக்கழகம்தான். ஆகவே இந்தக் கதை நமக்கு முற்றிலும் அந்நியமானது அல்ல.

வைவெட்டர் யங் என்ற பெண்மணி இல்லினாய் சட்டமன்றத்தில் ஈஸ்ட் செயின்ட் லூயிஸின் பிரதிநிதி. உயர்கல்விக்கான நிதியைப் பரிசீலிக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். 1987-ல் பல்கலைக்கழகத் தலைவர் நிதி கேட்டு அந்தக் குழுவின் முன் வந்தபோது, மாநிலத்தின் மிக ஏழ்மையான நகரத்துக்கு உங்கள் பல்கலைக்கழகம் என்ன செய்கிறது என்று யங் கேட்டார். பணப்பெட்டியின் சாவியைக் கையில் வைத்திருப்பவர் கேட்டால் பதில் வராமலா போகும்? உடனே ஒரு திட்டம் பிறந்தது. கட்டடக்கலை, நிலவடிவமைப்பு, நகரத் திட்டமிடல் துறைகளின் மாணவர்களுக்கு ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் ஒரு பாடமானது.

பாடமானதோடு நின்றது என்பதுதான் சிக்கல். மூன்று ஆண்டுகள் வரைபடங்களும் அறிக்கைகளும் வந்தன. 1990-ல் கென்னத் ரியர்டன் என்ற இளம் பேராசிரியர் பொறுப்பேற்று ஊருக்குள் போய் விசாரித்தபோது, அப்படி ஒரு திட்டம் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களுக்கோ கோபம். எங்கள் வறுமையை அளந்து எழுதி உங்களுக்குப் பட்டம் கிடைத்தது, எங்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் அந்தக் கோபத்தின் சாரம்.

எமர்சன் பார்க் என்ற குடியிருப்பின் மக்கள், அங்கே பல காலமாக இயங்கிவந்த சமூகக் கூடம் ஒன்றில் வேலை பார்த்த பெண்களின் தலைமையில் பேசினார்கள். வராதே என்று அவர்கள் சொல்லவில்லை. இப்படி வந்தால் வா என்றார்கள். எதைச் செய்வது என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம். பல்கலைக்கழகமோ பணம் தருபவரோ அல்ல. தகவல் திரட்டுவதிலிருந்து திட்டம் போட்டு வேலை முடிப்பது வரை எல்லாக் கட்டத்திலும் நாங்கள் இருப்போம். முதலில் ஓர் ஆண்டு பார்ப்போம். சரிப்பட்டால் அதற்குமேல் குறைந்தது ஐந்து ஆண்டுகள் நீங்கள் இருக்க வேண்டும். நிதி தரும் இடங்களின் கதவை எங்களுக்குத் திறந்துவிட உதவ வேண்டும். நீங்கள் போன பிறகும் வேலை நிற்காமலிருக்க, ஊர்க்காரர்களின் கையில் ஓர் அமைப்பு உருவாக வேண்டும்.

ரியர்டன் ஒப்புக்கொண்டார். ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு இது சாதாரண விஷயம் அல்ல. பாடத்திட்டம், தேர்வு, ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் அவருடைய நாட்காட்டிப்படி நடக்கும். ஊருக்கு வேறு நாட்காட்டி.

முதல் வேலை குப்பை

வீடு வீடாக விசாரித்துக் குடியிருப்புக்கான திட்டம் தயாரானது. அதை எடுத்துக்கொண்டு நிதி கேட்டு அலைந்தபோது பலரும் கையை விரித்தார்கள். படித்தவர்கள் போட்ட பெரிய திட்டமாக இருந்தால் இந்த இடத்தில் கதை முடிந்திருக்கும். இங்கே மக்கள் வேறு முடிவெடுத்தார்கள். காசில்லாமல் செய்யக்கூடியதை முதலில் செய்வோம். கண்ணுக்கு முன்னால் கிடக்கும் குப்பையை அள்ளுவோம் என்றார்கள். வார இறுதியில் மாணவர்கள் பல மணி நேரம் பயணம் செய்து வந்து, மண்வெட்டியோடு ஊர்க்காரர்களுடன் சேர்ந்து இறங்கினார்கள்.

அடுத்தது குழந்தைகளுக்கு விளையாட இடம். இல்லினாய் அவென்யூ என்ற தெருவில் பாழாய்க் கிடந்த மனைகளைச் சீர்செய்து திடலாக்கினார்கள். பிறகு வயதானவர்களின் வீடுகளுக்கு வர்ணம், பழுது பார்க்கும் வேலை. ஒன்றை முடித்துக் காட்டிய பிறகுதான், முன்பு கையை விரித்தவர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். எமர்சன் பார்க் வளர்ச்சிக் கழகம் என்ற ஊர்க்காரர்களின் சொந்த அமைப்பு பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் அளவுக்கு வளர்ந்தது.

இன்னொரு குடியிருப்பில் பிரச்சினை வேறு. நல்ல காய்கறி வாங்கப் பக்கத்தில் கடை இல்லை. அங்குள்ள மக்களும் மாணவர்களும் சேர்ந்து 1990-களின் நடுவில் ஒரு விவசாயிகள் சந்தையை ஏற்படுத்தினார்கள். விளைவிப்பவருக்கு விற்க இடம், நகரத்து ஏழைக்குப் புதுக் காய்கறி என்ற இரண்டும் ஒரே இடத்தில். நம் ஊரில் 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையை நினைத்தால் இதன் அருமை சட்டென்று புரியும்.

சில ஆண்டுகளில் ஊர்க்காரர்கள் இன்னொரு குறையைச் சொன்னார்கள். கணக்குப் போடுவதும் மனு எழுதுவதும் வரைபடம் போடுவதும் இன்னும் மாணவர்கள் கையிலேயே இருக்கிறது. அவர்கள் வராவிட்டால் எங்களுக்குக் கை ஓடாது என்றார்கள். இதற்குப் பதிலாகத்தான் குடியிருப்போருக்கான இலவச வகுப்புகள் வந்தன. நிதி விண்ணப்பம் எழுதுவது, அமைப்பை நடத்துவது போன்றவற்றை ஊர்ப் பெண்களும் ஆண்களும் மாலையில் உட்கார்ந்து படித்தார்கள். நகரத்திலேயே ஓர் உதவி மையமும் திறக்கப்பட்டது. இந்தக் கதையில் மிகப் பெரிய விஷயம் எது என்றால் சந்தையையோ திடலையோவிட இதைத்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. செயின்ட் லூயிஸ் மாநகரிலிருந்து வரும் மின்ரயில் பாதையை நீட்டித்தபோது, அது தங்கள் குடியிருப்பு வழியாக வரவேண்டும் என்று எமர்சன் பார்க் மக்கள் வாதாடினார்கள். 2001-ல் எமர்சன் பார்க் என்ற பெயரிலேயே ரயில் நிலையம் திறந்தது. அதைச் சுற்றிப் புதிய வீடுகளும் வந்தன.

இதனால் நகரமே தலைகீழாக மாறிவிடவில்லை. 2020 கணக்கெடுப்பில் ஈஸ்ட் செயின்ட் லூயிஸின் மக்கள்தொகை 18,500-க்கு அருகில்தான். போன ஆலைகளைத் திருப்பிக் கொண்டுவருவது ஒரு பல்கலைக்கழகத்தால் ஆகிற காரியம் அல்ல. சில தெருக்கள் மீண்டன, சில நூறு குடும்பங்களுக்குக் கூரை நிலைத்தது, தங்களுக்காகத் தாங்களே பேசத் தெரிந்த அமைப்புகள் உருவாயின.

நம் கிராம சபையில்

இந்தியாவில் 2014-ல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் சேரும் உயர்கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் ஐந்து கிராமங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். இதைத் 'தத்தெடுப்பு' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. பொருத்தமான சொல் அல்ல. ஊர் ஒன்றும் அனாதைப் பிள்ளை இல்லை. இதுதவிர, வேளாண் மாணவர்களின் கிராமத் தங்கல், நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம் என்று ஏதாவது ஒரு வழியில் கல்லூரி ஊருக்குள் வந்துகொண்டேதான் இருக்கிறது.

மாணவர்கள் மாறுவார்கள், அது அங்கேயும் மாறியது. ஆனால் பொறுப்பான துறையும் ஆசிரியரும் ஊரின் அமைப்பும் மாறாமல் நின்றதால் ஒரு வகுப்பு விட்ட இடத்தில் அடுத்த வகுப்பு தொடர முடிந்தது. அதனால் கல்லூரியிலிருந்து யார் வந்து பேசினாலும், இந்த ஆண்டு தொடங்கியதை அடுத்த ஆண்டு யார் பார்ப்பார்கள் என்று முதலில் கேட்கலாம். கோலப்பொடி வரைபடத்தின் காகிதப் பிரதி ஒன்று ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லலாம். மண் மாதிரி எடுத்துப் போனால், முடிவு எந்தத் தேதிக்குள் விவசாயி கைக்கு வரும் என்று எழுதி வாங்கலாம். ஊரில் படித்த பெண்கள், இளைஞர்கள் நான்கைந்து பேரை ஆரம்பத்திலிருந்தே மாணவர்களோடு உட்கார வைக்கலாம். கணக்கெடுப்பும் மனுவும் அவர்கள் கைக்குப் பழகிவிடும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கல்லூரியோடு சேர்ந்து இந்த ஆண்டு செய்யவேண்டிய முதல் வேலை எது என்பதை அங்கே பேசித் தீர்மானமாகப் போட்டு, அதன் நகலைக் கல்லூரி முதல்வருக்கு அனுப்பலாம். அது வாய்க்கால் அடைப்பாக இருக்கலாம், மயானப் பாதையாக இருக்கலாம், காய்கறியை ஏற்றிப்போக ஒரு பொது வண்டியாகவும் இருக்கலாம். எமர்சன் பார்க்கில் அது குப்பையாக இருந்தது.