நெல்லின் இனம் மட்டும் போதாது. அது கண்ட காலநிலையும் தெரிய வேண்டும்

நெல் கொள்வனவு செய்யும் எமது வியாபாரிகள் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள்: என்ன இனம்? என்ன விலை? ஆனால் ஒரே இன நெல்லை ஒரே விலைக்கு வாங்கியும், ஒரு தடவை முழு அரிசியும் மறுதடவை குறுணலுமாக ஆலையிலிருந்து வருவதுண்டு. இலாபமும் நட்டமும் அங்கேதான் தீர்மானமாகின்றன. இந்த வேறுபாட்டுக்குக் காலநிலை ஒரு முக்கிய காரணமாகும்.

கதிர் பூத்து மணி முற்ற ஏறத்தாழ 30 நாட்கள் செல்கின்றன. அந்நாட்களில் இரவிலும் உஷ்ணம் தணியாவிட்டால் மணிக்குள் மாப்பொருள் நெருக்கமாகப் படியாது. சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டு விழும். தீட்டும்போது அந்த மணி எளிதில் உடையும். பருத்த மணிகளில் இத்திட்டு அதிகம். முற்றிக் காய்ந்த நெல் மீண்டும் மழையில் நனைந்தால் மணி வெடிக்கும். நீண்டு மெலிந்த இனங்கள் இதனால் கூடுதலாக உடைகின்றன.

வெப்பத்தைத் தாங்கும் சக்தி இனத்துக்கு இனம் வேறுபடும். ஜப்பானின் நீகாட்டா மாகாணம் இதற்கு உதாரணம். 2023ஆம் ஆண்டின் கடும் கோடையில் அங்கு பெயர்பெற்ற கொஷிஹிகாரி அரிசியில் 5 வீதத்துக்கும் குறைவானதே முதல்தரம் பெற்றது. அதே கோடையைக் கண்ட ஷின்னொசுகே எனும் இனத்தில் 90 வீதத்துக்கு மேல் முதல்தரமானது.

எமது கிழக்கு மாகாணத்தில் பெரும்போக அறுவடை மழையில் அகப்படுவதுண்டு. சிறுபோகக் கதிரோ கடும் வெயிலில் முற்றுகிறது. எனவே போகத்துக்கேற்ப அவதானம் தேவை.

வாங்குமுன் ஒரு பிடி நெல்லின் உமியை நீக்கி, அரிசியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெடிப்பும் வெள்ளைத் திட்டும் தெரியும். ஈரநெல்லை நிதானமாக உலர்த்தி, ஈரப்பதனை 14 வீதத்துக்குக் கொண்டுவந்த பின்னரே களஞ்சியப்படுத்துங்கள். கொதிக்கும் களத்தில் அவசரமாகக் காயவைத்தாலும் மணி வெடிக்கும். வெடிப்புள்ள நெல்லைப் பச்சையரிசியாகக் குற்றாமல் புழுங்கலாக்குங்கள். அவிக்கும்போது மாப்பொருள் இளகி வெடிப்பு ஒட்டிக்கொள்வதால் குறுணல் குறையும்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி கூறினார். நனைந்ததை மேலே வைக்காமல் மறைத்ததையே நபியவர்கள் கண்டித்தார்கள். மழையும் வெயிலும் எமது கையில் இல்லை. நனைந்த நெல்லை நனைந்ததென்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்பது எமது கையில் உள்ளது.