கூலிக்கு மாரடிப்பதும் மனமாரக் கலங்குவதும்



தோட்டத்தில் வளர்ந்த பெண் ஒருத்தி பட்டணத்துக் கடையில் விற்பனை வேலைக்குச் சேருகிறாள். எப்படிச் சிரிக்க வேண்டும், எந்தக் குரலில் பேச வேண்டும் என்று முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிறார்கள். "முதலில் உன்னை விற்கக் கற்றுக்கொள்" என்கிறார்கள். வீட்டிலிருக்கும் தாய்க்கு இது விளங்குவதில்லை. அவளும் உழைப்பை விற்றவள்தான். ஆனால் பெரட்டுக்குப் போய், மரம் சீவி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டால் அவள் முகம் அவளுக்கே சொந்தம். சிரித்தாளா, அழுதாளா என்று கங்காணி கணக்கு எழுதியதில்லை.

ஜெர்மனியில் பிறந்த அறிஞர் எரிக் ஃபிரம் 1947இல் வெளியிட்ட நூலொன்றில் இதை ஆராய்ந்தார். சந்தைச் சமுதாயத்தில் மனிதன் தன்னையே ஒரு சரக்காகக் காணத் தொடங்குகிறான். வாங்குவோர் இருந்தால் தனக்கு மதிப்புண்டு என்றும், இல்லாவிட்டால் தான் ஒன்றுமில்லை என்றும் எண்ணுகிறான் என்பது அவர் கருத்து. தையல் தெரிந்தவள் தெரியும் என்று சொல்வதில் குற்றமில்லை, சொல்லத்தான் வேண்டும். வேலை கிடைக்காத அன்று "நான் எதற்கும் உதவாதவள்" என்று அவள் நம்பிவிடுவதுதான் ஆபத்து.

மனத்தில் இல்லாததைக் காசுக்குக் காட்டுவதைக் 'கூலிக்கு மாரடிப்பது' என்பார்கள் நம் பெரியவர்கள். சாவு வீட்டில் கூலி வாங்கிக்கொண்டு அழுத பெண்களிடமிருந்து வந்த பேச்சு அது. இந்த வழக்கம் யூதர்களிடமும் இருந்தது. இறந்த சிறுமியின் வீட்டில் ஓலமிட்டு நின்ற கூட்டம், "அவள் தூங்குகிறாள்" என்று இயேசுநாதர் சொன்னதும் நகைத்ததாம். அழுகை எவ்வளவு விரைவில் சிரிப்பாகிவிட்டது பாருங்கள்!

கூலியில்லாத துயரமும் அதே நற்செய்தி நூல்களில் இருக்கிறது. பெத்தானியா ஊர் மரியாள் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் பாதங்களில் பூசினாள். இதை 300 தெனாரியத்துக்கு விற்றிருக்கலாமே என்றான் யூதாஸ். திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் கதையில் ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம். ஓய்வு நாள்களைத் தள்ளிவிட்டால், ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளம்! ஆனால் இயேசு அவள் செய்ததைத் தம் அடக்கத்துக்கான செயல் என்றார். வரப்போகும் சாவுக்கு முன்னதாகவே ஒரு பெண் காட்டிய துயரம் அது.

யூதாஸ் தன் குருவைக் காட்டிக்கொடுத்துப் பெற்றது 30 வெள்ளிக்காசு. மோசேயின் சட்டப்படி, மாடு முட்டி ஓர் அடிமை இறந்தால் அவனுடைய எஜமானுக்குத் தர வேண்டிய ஈடும் 30 வெள்ளிதான். அடிமைக்கு உரிய விலையே குருவுக்கும் போடப்பட்டது. விற்றவனும் அதோடு தப்பவில்லை. காசை ஆலயத்தில் வீசியெறிந்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டான். குருவை விற்றபோதே அவன் தன்னையும் விற்றுவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சிலுவை சுமந்து போனவர் பின்னால் எருசலேம் பெண்கள் மாரடித்துப் புலம்பிச் சென்றதை லூக்கா எழுதியிருக்கிறார். அவர்களுக்குக் கூலி கொடுத்தவர் யாருமில்லை. தமிழிலும் இந்தத் துயரம் ஆழமாக ஊன்றியிருக்கிறது. கோவாவில் பிறந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், டச்சுக்காரர் கத்தோலிக்கச் சமயத்தைத் தடுத்திருந்த அக்காலத்தில் 'வியாகுலப் பிரசங்கம்' என்ற தமிழ் நூலை இயற்றினார். தவக்காலத்தில் அதை வாசிக்கும் மரபு உண்டு. மரியன்னையின் துக்கத்தை ஒப்பாரியாகப் பாடுவதும் தமிழ்க் கத்தோலிக்கரின் வழக்கம்.

நம் தோட்டங்களில் பாடிய ஒப்பாரியையும் நினைத்துப் பாருங்கள். பொன்னே, முத்தே என்று விலையுள்ள பொருள்களின் பெயராலேயே இறந்தவரை அழைப்பார்கள். ஆனால் அவர் வாங்கிய சம்பளத்தைச் சொல்லி அழுதவர் உண்டா?

யூதாஸ் எறிந்த காசைக் கொண்டு அந்நியரை அடக்கம் செய்ய ஒரு நிலம் வாங்கினார்கள். அடக்கத்துக்குப் பிறகு, ஞாயிறு விடியற்காலையில், பெண்கள் நறுமணப் பொருள்களை வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போனார்கள். அவற்றுக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று நற்செய்தி எழுதியவர்களில் ஒருவரும் குறிக்கவில்லை.