அழுத்துவது காற்று

உதகமண்டலத்தில் மரவேலைப் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "வெனீர் ஒட்டுவதற்கு வாக்குவம் பம்ப் வாங்கலாம் என்றிருக்கிறேன். ஏ.சி. மெக்கானிக்குகள் வைத்திருக்கிறார்களே, அந்தப் பம்புதான் எல்லாவற்றையும்விட அதிகமாக உறிஞ்சும் என்கிறார்கள். அதையே வாங்கிவிடட்டுமா?"

வேண்டாம் ஐயா. காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மரவேலை தெரியாத வாசகர்களுக்கும் அதில் விஷயம் இருக்கிறது.

பசை தடவிய பிளைவுட்டின் மேல், மெல்லிய மரச் சீவலான வெனீரைப் பரப்பி, பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பையின் வாயை அடைத்து உள்ளிருக்கும் காற்றை எடுக்கிறோம். பம்ப் எதையும் அழுத்துவதில்லை. எதிர்த்து நிற்கும் உட்காற்றை வெளியேற்றுவதோடு அதன் வேலை முடிந்தது. அழுத்துவது முழுக்க வெளிக்காற்று. கடல்மட்டத்தில் அது ஒரு சதுர சென்டிமீட்டரின் மேல் 1.03 கிலோ எடையாக உட்கார்ந்திருக்கிறது. பையில் அழுத்தம் எவ்வளவு குறைந்தது என்று சொல்லும் கேஜ் 600 மில்லிமீட்டர் பாதரசம் காட்டினால், அதில் எண்பது சதவீதம் நமக்குக் கிடைத்துவிட்டது. எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்றின் மேல் அது ஏறத்தாழ 24 டன்! வெனீர் ஒட்டிவிட்டு மேலே சிமென்ட் மூட்டை அடுக்குகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. 24 டன்னுக்கு 50 கிலோ மூட்டைகள் 480 வேண்டும். இத்தனை பாரத்துக்கும் மேசை உடையாது. காற்று அடியிலிருந்தும் அதே பலத்தோடு மேல்நோக்கி அழுத்துவதால், மேசை தாங்கவேண்டியது பலகையின் எடையை மட்டும்தான். ஹைட்ராலிக் பிரெஸ்ஸுக்கு வேண்டிய கனமான இரும்புச் சட்டம் இங்கே வேண்டியதில்லை. கிளாம்ப் போட்டால் அது கடிக்கும் இடத்தில் பசை பிதுங்கி, இரண்டு கிளாம்புகளுக்கு நடுவே உப்பல் நிற்கும். காற்றுக்கு அந்த ஓரவஞ்சனை கிடையாது.

ஆனால் காற்றின் இந்தப் பலத்துக்கு ஒரு வரம்பு உண்டு. எங்கள் ஊர்க் கிணறுகளில் நீர்மட்டம் இறங்க இறங்க, மோட்டாரையும் கூடவே கிணற்றுக்குள் இறக்குவார்கள். பக்கச் சுவரில் சட்டம் அடித்து, மேடை போட்டு, அதன்மேல் வைப்பார்கள். ஐந்து குதிரைத்திறனை எடுத்துவிட்டுப் பத்து வைத்தாலும், கரையில் இருந்தபடி நாற்பது அடி ஆழத்துத் தண்ணீரை உறிஞ்ச முடியாது. குழாய்க்குள் தண்ணீரை ஏற்றிவிடுவது நீர்ப்பரப்பை அழுத்தும் காற்று. அதன் முழுப் பலமும் 10.3 மீட்டர் நீருக்குத்தான் சரி. நடைமுறையில் ஏழெட்டு மீட்டர் ஏறினாலே பெரிது. வெனீர்ப் பைக்கும் அதே வரம்புதான். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டரைத் தாண்ட எந்தப் பம்பாலும் ஆகாது.

உதகையில் அந்த வரம்பு இன்னும் கீழே இருக்கிறது. ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தமே 580 மில்லிமீட்டர் அளவுதான். விலைப்பட்டியலில் 25 அங்குலம், அதாவது 635 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால், அது சென்னையில் கிடைக்கும் அளவு. உதகையில் கேஜ் 500 காட்டினால் பம்ப் நன்றாகவே வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த அழுத்தத்திலும் ஒரு ஷீட்டுக்கு 20 டன் கிடைக்கிறது, வெனீருக்கு அது தாராளம். முள் ஏறவில்லையே என்று பம்பைக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

ஏ.சி. பம்ப் விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விந்தை இதில்தான் இருக்கிறது. மெக்கானிக் அந்தப் பம்பைச் செம்புக் குழாயில் மாட்டுவது காற்றை எடுக்க மட்டுமல்ல, உள்ளே ஒட்டியிருக்கும் ஈரத்தைக் கொதிக்கவைத்து விரட்டவும்தான். அழுத்தம் குறையக் குறைய, தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் இறங்கும். மிச்ச அழுத்தம் 32 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால், 30 டிகிரியில், அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் கணக்கில் இறங்குகிற பம்புக்கு இது எளிய வேலை. அதே பம்பை ஈரப் பசையின் மேல் பிரயோகித்தால் என்ன ஆகும்? வெனீரின் ஓரங்களிலும் துளைகளிலும் பசையில் உள்ள தண்ணீர் நுரைத்து எழும். அந்த ஆவி பம்புக்குள் போய் எண்ணெயோடு கலந்து, எண்ணெய் மோர்போல வெளுத்துவிடும். பிறகு பம்பின் ஆயுள் குறையும். இவ்வளவு சிரமத்துக்கும் கிடைக்கிற லாபம் அற்பம். 650-லிருந்து 760 வரை போனாலும் அழுத்தம் கூடுவது ஆறில் ஒரு பங்கு அளவுதான். அதற்குக் குறைவான அழுத்தத்திலேயே பசை பிடித்துவிடும்.

ஆகவே வெற்றிடத்தின் ஆழத்தை விட்டுவிட்டு, பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றை எடுக்கிறது என்று பாருங்கள். கடைகளில் இதை சி.எஃப்.எம். என்பார்கள். ஒரு சி.எஃப்.எம். 28 லிட்டர். பெட்டியில் அச்சிட்டிருப்பது வாய் திறந்திருக்கும்போது உள்ள அளவு. உள்ளே அழுத்தம் குறையக் குறைய அதுவும் குறையும். கடல்மட்டத்தில் 100 லிட்டர் காற்றுள்ள பையை மூன்று சி.எஃப்.எம். பம்ப் 600-க்குக் கொண்டுவரக் கணக்குப்படி இரண்டு நிமிடம், நடைமுறையில் அதைப்போல இரு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பசை பத்து நிமிடத்துக்குள் தோல் கட்டத் தொடங்கும் என்பதால், சமதளப் பலகைக்கு இந்த வேகம் போதும். அச்சின் மேல் வளைத்து ஒட்டுகிறவர்கள், பையின் பெருங்காற்றை வீட்டு வாக்குவம் கிளீனரால் முதலில் எடுத்துவிட்டுப் பம்பை மாட்டலாம்.

வகையைப் பொறுத்தவரை, சிறு பட்டறைக்கு எண்ணெயில்லாத பிஸ்டன் பம்பைச் சொல்வேன். ஈரக்காற்றால் அதற்குப் பெரிய கேடு இல்லை. சத்தம் கொஞ்சம் இருக்கும். சில பிஸ்டன் பம்புகள் உறிஞ்சிய நிலையில் நிறுத்தினால் மறுபடி கிளம்பத் திணறும் என்பதால், அதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பம்பு என்றால் ஒருவழி வால்வு கட்டாயம். மின்சாரம் நின்றதும் பையில் உள்ள வெற்றிடம் எண்ணெயைத் தன்னிடம் இழுத்துக்கொண்டு வெனீரில் கறை ஏற்றிவிடும். பம்புக்கும் பைக்கும் நடுவே ஒரு தொட்டியும், வெற்றிடம் குறைந்தால் மட்டும் மோட்டாரைக் கிளப்பும் சுவிட்சும் இருந்தால், கரண்ட் போனாலும் பை சிறிது நேரம் இறுக்கமாகவே நிற்கும். உதகைக் குளிரில் இன்னொரு கவனமும் வேண்டும். பத்து டிகிரிக்குக் கீழே வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காமல் சுண்ணாம்புப் பொடிபோல் காயலாம். அறையைச் சூடாக்கிவிட்டு ஒட்டுங்கள்.

பழைய ஃபிரிஜ் கம்ப்ரெஸரைப் பம்பாக்குகிறவர்களும் உண்டு. நிமிடத்துக்குப் பதினைந்து இருபது லிட்டர்தான் இழுக்கும் என்றாலும் சின்ன வேலைகளுக்கு ஆகும். ஆனால் குழாயை அறுத்து வாயுவைக் காற்றில் விடுகிற வழக்கம் மிகத் தவறு. ஃபிரிஜ்களில் உள்ள ஆர்-134ஏ வாயு, கரியமில வாயுவைப்போல ஆயிரத்துக்கும் மேற்பட்ட மடங்கு பூமியைச் சூடாக்கும். புதியவற்றில் உள்ள ஆர்-600ஏ தீப்பிடிக்கும். வாயுவை முறையாகச் சேகரிக்கிற மெக்கானிக்கிடம் கொடுத்து எடுத்த பிறகே கம்ப்ரெஸரைத் தொடுங்கள்.

சின்னக் கருவியால் பெரிய வேலை ஆகாது என்று நினைக்கவும் வேண்டாம். 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில், வடிவமைப்பாளர் தம்பதியான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் தங்கள் குடியிருப்பிலேயே ஒரு கருவி செய்தார்கள். சூடேற்றிய பிளாஸ்டர் அச்சின்மேல் வெனீர் அடுக்குகளை வைத்து, ஒரு சவ்வுப் பையை சைக்கிள் பம்பால் ஊதி அழுத்தினார்கள். அதில் கற்றதைக் கொண்டு அமெரிக்கக் கடற்படைக்கு, அடிபட்ட காலை அசையாமல் தாங்கும் சிம்புகள் செய்தார்கள், பிறகு உலகப் புகழ்பெற்ற நாற்காலிகளும் வந்தன. 1958-இல் இந்தியா வந்து அவர்கள் எழுதிய அறிக்கைதான் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்துக்கு வித்தானது.

இத்தனையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெனீர் என்றாலே ஏமாற்று வேலை, கட்டைதான் கௌரவம் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிக்கிடக்கிறது. இரண்டு மழைக்காலத்தில் உரிந்து தொங்கிய அலமாரிக் கதவுகளைப் பார்த்து வந்த எண்ணம் அது. பசையை வாரித் தடவி, ஆணியும் மூட்டையும் நம்பி, ஒரே பக்கம் ஒட்டி மறுபக்கத்தை வெறுமையாக விட்டால் பலகை வளையும், வெனீர் உரியும். அந்தக் கோபத்தில் வீட்டுக்காரர் அடுத்த முறை ஈட்டிக் கட்டையே வேண்டும் என்கிறார். அரை மில்லிமீட்டர் கனத்தில் சீவினால், ஓர் அங்குல ஈட்டிப் பலகை நாற்பதுக்கும் மேற்பட்ட பலகைகளுக்கு முகமாகும். ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அவ்வளவு அருகிப்போன மரத்தை முழுக்கட்டையாக அறுத்துச் சோபாக் கால் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால், உதகை நண்பரே, நடுத்தரமான பிஸ்டன் பம்பை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல பையும் கேஜும் வாங்குங்கள். பலகைக்கு இரு பக்கமும் வெனீர் ஒட்டுங்கள். உரியாமல் நிற்கும் ஒவ்வொரு கதவும் அந்த வீட்டாருக்கு வெனீர்மேல் போன நம்பிக்கையைத் திருப்பித் தரும். அவர்கள் அடுத்த முறை ஈட்டிக் கட்டை கேட்கமாட்டார்கள்.