“இவன் அடங்கவே மாட்டான்!”

மாலை நாலரை மணிக்குத் திண்டிவனம் பஸ் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பள்ளிக்கூடம் விட்டுக் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களில் எவனாவது ஒருவன், பஸ் நகர்கிற வரையில் காத்திருந்து, பிறகு ஓடிப் போய்த் தொற்றிக்கொள்வான். உள்ளே இடம் இருந்தாலும் படிக்கட்டுதான் அவனுக்குச் சிம்மாசனம்! “திமிர் பிடித்தவன்” என்று கண்டக்டர் திட்டுவார். நாமும் அப்படித்தான் நினைக்கிறோம்.

எல்லாப் பையன்களையும் சொல்லவில்லை. பதினைந்து வயதில் கொஞ்சம் துணிச்சல் சகஜம்தான். ஆனால், ஐந்து வயதிலிருந்தே ஓர் இடத்தில் உட்காராதவன், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்பவன், வாரம் ஒரு பேனா தொலைப்பவன் என்று ஒரு ரகம் உண்டு. இதற்கு வைத்தியர்கள் ‘கவனக் குறைவு, மிகை இயக்கம்’ என்று பெயர் சொல்கிறார்கள். இது நேற்று முளைத்த நாகரிக வியாதி அல்ல. 1902-லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் இத்தகைய நாற்பத்துமூன்று பிள்ளைகளைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார். நம் பக்கத்திலும் கோவை மாவட்டப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு, 2013-ல் வெளியானது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 11 பேரிடம் இதைக் கண்டது.

“செல்போனைக் கொடுத்தால் மூன்று மணி நேரம் அசையாமல் உட்காருகிறானே! கவனம் இல்லை என்று எப்படிச் சொல்வது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவனிடம் கவனம் இல்லாமல் இல்லை. அதைத் திருப்புகிற கடிவாளம்தான் தளர்ந்திருக்கிறது. விளையாட்டில் நொடிக்கு நொடி பலன் கிடைக்கிறது. அல்ஜீப்ராவுக்குப் பலன் பரீட்சை முடிந்தல்லவா கிடைக்கும்! அவ்வளவு காலம் காத்திருக்க அவன் மூளைக்குப் பொறுமை இல்லை.

வயது ஏறும்போதுதான் ஆபத்து. வீட்டில் வசவு, வகுப்பில் அடி. ‘நான் உதவாக்கரை’ என்று அவனே முடிவு கட்டிக்கொள்கிறான். யார் அவனைச் சேர்த்துக்கொள்கிறார்களோ அவர்களோடு போகிறான். இப்படிப்பட்ட பிள்ளைகள் புகையிலையைத் தொடும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. பெட்டிக் கடைக்காரருக்கு அந்த நூறு கஜம் எங்கே முடிகிறது என்பதுதான் தெரிவதில்லை!

விழுப்புரமும் திண்டிவனமும் பாதைகள் கூடும் ஊர்கள். சென்னை - திருச்சி டிரங்க் ரோடு இரண்டையும் தொட்டுக்கொண்டு போகிறது. புதுச்சேரியோ இரு ஊர்களுக்கும் சுமார் நாற்பது கிலோ மீட்டர்தான். அங்கே மதுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அப்பாவின் மோட்டார் சைக்கிள் சாவி சுவரில் தொங்குகிறது. யோசிக்குமுன் செய்துவிடுகிற பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பதினெட்டு வயதாகாதவன் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். முதலில் அந்தச் சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், அம்மா!

பெண் குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களில் பலர் ரகளை செய்வதில்லை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு கனவு காண்பார்கள். ‘மந்தம்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். வைத்தியரிடம் அழைத்துப் போக யாருக்கும் தோன்றுவதே இல்லை.

வைத்தியம் இருக்கிறதா? இருக்கிறது. பெற்றோருக்குப் பயிற்சி, வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுப்பது, நல்லது செய்த அந்தக் கணமே பாராட்டுவது ஆகியவை ஒரு பக்கம். தேவையானால் மருந்து மறுபக்கம். மருந்து போதைப் பழக்கத்தில் தள்ளிவிடுமோ என்று பல தாய்மார்கள் பயப்படுகிறார்கள். வைத்தியர் மேற்பார்வையில் சாப்பிட்டவர்களுக்குப் பிற்காலத்தில் அந்தப் பழக்கம் கூடியதாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை. மருந்து சாப்பிடும் காலத்தில் ஆண்களுக்குச் சாலை விபத்து குறைந்ததாக 2014-ல் ஸ்வீடனிலிருந்து வந்த ஆய்வு கூறுகிறது.

விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்தே யோசனை கேட்க, 14416 என்ற இலவச டெலிபோன் எண்ணும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது; யாராவது அதற்கென்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பன்னிரண்டு வயதுக்கு முன்பே அடையாளங்கள் இருந்தனவா, வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மாதிரியா என்றுதான் வைத்தியர் விசாரிப்பார். ஆகவே போகும்போது பையனின் பழைய பிராக்ரஸ் ரிப்போர்ட்டுகளை எடுத்துப் போங்கள் - அவன் கிழித்துப் போடாமல் விட்டிருந்தால்!