திருக்கோணமலை: துறையும் நாடும்

ஈழத்தின் கீழ்க்கரையிலே கடல் நிலத்தினுட் புகுந்து அமைந்த ஆழ்ந்த குடாவே திருக்கோணமலைத் துறைமுகமாகும். குன்றுகளும் முனைகளும் அரணாய்ச் சூழ்ந்து நிற்றலின், இருபருவக் காற்றுக்கும் அஞ்சாது மரக்கலங்கள் ஈண்டுத் தங்கலாம். இவ்வியற்கைச் சிறப்பே இவ்வூரின் பெருமைக்கும் துன்பத்துக்கும் காரணமாயிற்று.

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் சுவாமிமலையிலிருந்த கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டொன்றிலேயே இத்துறை முதலில் ஆங்கிலேயர் வசமும், பின்னர்ப் பிரெஞ்சுக்காரர் வசமும் ஆயிற்று. 1795இல் ஆங்கிலேயர் அதனை மீண்டும் கொண்டனர். 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. ஆங்கிலக் கடற்படைத் தளம் 1957இல் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது.

இத்துணைச் சிறந்த துறை கொழும்பைப் போன்று பெருவணிகப் பட்டினமாகாதது ஏன்? தேயிலை விளையும் மலைநாட்டுக்குக் கொழும்பே எளிதில் எட்டும் வாயிலாயிருந்தது. அங்கு 1875இல் அலைதடுப்பு அணை கட்டத் தொடங்கியபின், இயற்கை அளியாத பாதுகாப்பைச் செயற்கை அளித்தது. திருக்கோணமலையின் பின்னிலமோ பெரிதும் காடு. புகையிரதப் பாதை 1927இலேதான் வந்தது. படைக்கு வேண்டியது ஆழ்ந்த நீர். வணிகத்துக்கு வேண்டியது பொருள் தரும் பின்னிலம் என்பது இதனாற் புலனாகும்.

எனினும் நாட்டுப்புறம் வளமற்றதன்று. கந்தளாய்க் குளத்து நீராலே தம்பலகாமத்து வயல்கள் விளைகின்றன. கோயிற் றொண்டுக்கெனக் குளக்கோட்டு மன்னன் இக்குளத்தை அமைத்தான் என்பது தமிழர் மரபு. சிங்கள மரபு இதனை இரண்டாம் அக்கபோதி மன்னனுக்கு உரித்தாக்கும். 1986 ஏப்பிரலில் இதன் அணை உடைந்து பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. குளத்தைக் கட்டுதலினும் காத்தல் அரிது என்பதற்கு அது சான்று. தெற்கே மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடி வந்து, மூதூர்ப் பக்கத்தே கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. வடக்கே நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் மீன்பிடியே முதன்மைத் தொழில். மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அக்கரை மீனவரும் கீழ்க்கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்வர்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மாவட்டத்தில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 3,80,000 பேர். முசிலிம்கள், தமிழர், சிங்களவர் ஆகிய மூவரும் பெருந்தொகையினராய் வாழும் இம்மாவட்டத்தில் எவரும் அறுதிப் பெரும்பான்மையினரல்லர். நெடும்போரும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் மூவரையும் வருத்தின. 2006இல் மூதூர், சம்பூர்ப் பகுதி மக்கள் பல்லாயிரவர் இடம்பெயர்ந்தனர்.

முன்னாளிற் கிண்ணியா மக்கள் ‘பாதை’ எனப்படும் மிதவையிலேறியே நகருக்கு வந்தனர். 2009இல் அங்குப் பாலம் திறக்கப்பட்டது. நோயாளரும் மாணவரும் மீன் வணிகரும் இன்று காத்திராது கடக்கின்றனர். வல்லரசுகள் பொருதி விரும்பிய துறையின் கரையிலே இவ்வெளிய வசதி இத்துணைக் காலந்தாழ்த்து வந்தமை சிந்தித்தற்குரியது. துறையின் பயன் வயலுக்கும் வாடிக்கும் சென்று சேரும்போதே அதன் பெருமை நிறைவுறும்.